வாசகர் கேள்வி பதில்: புள்ளைக்கு கேன்சர்னு சொல்லிட்டாங்க, காசுக்கு எங்கீங்க போறது?

போன மாசம் இந்தப் பகுதியில ஒரு அம்மா, கொழந்தைக்கு ரத்தப் புற்றுநோய், செலவுக்கு யாருகிட்டப் போய் நிக்கறதுன்னு கேட்டிருந்தாங்க. எடம் பத்தாம, ஆஸ்பத்திரியில நோயாளிக் குடும்பத்துக்கு உதவிக்கு வழி காட்டறதுக்குன்னே மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர்னு ஒருத்தர் இருப்பாங்க, மொதல்ல அவங்களப் பாருங்கன்னு நாலு வரியில முடிச்சிருந்தோம். அதுக்கப்பறம் கோயமுத்தூரு, ஈரோடு, திருப்பூரு, நாமக்கல்லுன்னு எல்லாப் பக்கமிருந்தும் கடுதாசியும் வாட்ஸ்அப்புமா வந்துட்டே இருக்குது. உதவி தேடறவங்களும் எழுதியிருக்காங்க, உதவி பண்ண நெனைக்கறவங்களும் எழுதியிருக்காங்க. அதனால இந்தத் தடவ பூரா இதுதான். ஊர மட்டும் போட்டிருக்கோம், பேரு போடல.

கேள்வி: எங்க வீட்டுக்காரரு பனியன் கம்பெனியில ஓவர்லாக் டைலருங்க, நான் செக்கிங் போயிட்டிருந்தேன். பொண்ணுக்கு 5 வயசு. ஏ.எல்.எல்.னு ஒரு ரத்தப் புற்றுநோய், ரெண்டரை வருசம் வைத்தியம் பாக்கோணும்னு கோயமுத்தூர்ல சொல்லிட்டாங்க. மாமனாரு ஊத்துக்குளிப் பக்கம் இருக்கற 3 சென்ட் இடத்த இந்த வாரமே வித்தரலாங்கறாரு. வித்தரலாமுங்களா? (ஒரு அம்மா, திருப்பூர்)

பதில்: அம்மிணி, இப்ப விக்காதீங்க. எப்பவுமே விக்கக் கூடாதுன்னு சொல்லல. மொத வாரத்துல, பயத்துல, வந்த வெலைக்குத் தள்ளிவிடாதீங்கன்னு சொல்றேன்.

நோயப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. கொழந்தைங்களுக்கு வர்ற கேன்சர்ல எச்சா வர்றது இந்த ஏ.எல்.எல். தான், நல்லா கொணமாகற கேன்சர்லயும் இது ஒண்ணு. வசதியான நாடுகள்ல கேன்சர் வந்த கொழந்தைங்க 100 பேர்ல 80 பேருக்கு மேல பொழச்சுக்கறாங்க, ஏழை நாடுகள்ல அது 30க்கும் கீழ போயிருதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2030க்குள்ள எல்லா நாட்டுலயும் 60 பேராவது பொழைக்கோணும்னு 2018ல ஒரு திட்டமே ஆரம்பிச்சிருக்காங்க. ஏன் இத்தன வித்தியாசம்னா, லேட்டா கண்டுபிடிக்கறது ஒண்ணு, மருந்தும் நல்ல ஆஸ்பத்திரியும் கைக்கெட்டாதது ஒண்ணு, இன்னொண்ணு பாதியில வைத்தியத்த விட்டுட்டு ஊருக்குப் போயிடறது. அந்தக் கடைசிக் காரணம் பெரும்பாலும் காசுதாங்க. அதனால காச எப்படிப் பிரிச்சு வெச்சுக்கறீங்கங்கறதும் வைத்தியத்துல ஒரு பாதின்னு நெனச்சுக்கோங்க.

மொதல்ல உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது சம்பளத்துல ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு, பிடிக்கறாங்களான்னு பாருங்க. மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் இருந்தா உண்டு, நம்ம பங்கு 0.75 சதவீதம், மொதலாளி பங்கு 3.25 சதவீதம். திருப்பூர்ல பாதிப் பேரு நமக்குத்தான் பீஸ் ரேட்டாச்சே, கான்ட்ராக்ட்டுலதான் போறோம், நமக்கெங்க ஈ.எஸ்.ஐ.ன்னு விட்டுடறாங்க, ஆனா 10 பேரு வேல செய்யற கம்பெனின்னா பீஸ் ரேட்டுக்காரங்களுக்கும் கான்ட்ராக்ட் ஆளுகளுக்கும் சட்டப்படி பிடிச்சாகோணும், அதக் கேக்கறதுக்குக் கூச்சமே படாதீங்க. நம்பர் இருந்துச்சுன்னா குடும்ப லிஸ்ட்ல பொண்ணு பேரு ஏறியிருக்குதான்னு பாத்து இல்லைன்னா ஒடனே ஏத்துங்க. கோயமுத்தூர்ல சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்குது, அங்க பாக்க முடியாததுக்கு, ஈ.எஸ்.ஐ.யோட ஒப்பந்தம் போட்டிருக்கற டை-அப் ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் லெட்டர் எழுதிக் குடுப்பாங்க. வேலையில சேந்து எத்தன நாளாச்சு, எத்தன நாளுக்குச் சந்தா கட்டியிருக்குதுன்னு கணக்குப் பாப்பாங்க, அது சரியா இருந்தா வைத்தியத்துக்கு இத்தன ரூவாதான்னு உச்சவரம்பு கெடையாது. ஒண்ணே ஒண்ணு, அந்த ரெஃபரல் லெட்டர் இல்லாம நேரா தனியார்ல சேத்தீட்டு அப்பறம் பில்லத் தூக்கிட்டுப் போனா காசு வாங்கறது பெரும்பாடு.

ஈ.எஸ்.ஐ. இல்லவே இல்லைன்னா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். குடும்ப வருமானம் வருசத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கோணும், ஒரு குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும் பாக்கலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரு எடுத்துட்டுக் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு மையத்துக்குப் போகோணும். ரேஷன் கார்டுல கொழந்தை பேரச் சேக்காம விட்டுட்டு அங்க போய் நின்னு திரும்பி வர்றவங்க நெம்பப் பேரு.

இந்த ரெண்டும் மருந்து, படுக்க, டாக்டர், ஸ்கேன் செலவப் பாத்துக்கும். அது பாக்காததுதான் குடும்பத்த நொடிக்க வெக்கறது. திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் மாறி மாறிப் போற பஸ் காசு, வெள்ளணு கொறஞ்சு கூட்டத்துல கூட்டீட்டுப் போகக் கூடாதுன்னு சொல்ற நாள்ல கார் வாடகை, ஆஸ்பத்திரிப் பக்கம் ரூமு, வெளிச்சோறு, நீங்க செக்கிங் போகாததால சனிக்கெழம வராத சம்பளம், ஒன்றரை ஷிப்ட்டு பாத்துட்டிருந்தவரு ஒரு ஷிப்ட்டோட ஓடி வர்றது. ஈ.எஸ்.ஐ.ல தொழிலாளிக்கே ஒடம்பு முடியலைன்னாத்தான் லீவுக்குக் காசு வரும், புள்ளைக்கு முடியலைன்னு போடற லீவுக்கு வராது. டிரஸ்ட்டுகாரங்ககிட்டப் போறப்ப வைத்தியச் செலவுக்கு உதவுங்கன்னு பொத்தாம் பொதுவா கேக்காம, வைத்தியம் ஈ.எஸ்.ஐ.ல ஓடுது, எங்களுக்கு மாசம் போக்குவரத்துக்கு இவ்வளவு, ரூமுக்கு இவ்வளவு, அரிசி பருப்புக்கு இவ்வளவு பத்தலைன்னு ஒரு தாள்ல எழுதிச் சோஷியல் ஒர்க்கர் கையெழுத்தோட குடுங்க. பொதுவாக் கேட்டா பெருமூச்சுதான் வரும், கணக்கோட கேட்டா குடுக்கறவங்க இருக்காங்க.

அப்பறம் ராத்திரிச் செலவுக்குன்னு கொஞ்சம் பணம் வீட்டுல தனியா எடுத்து வெச்சிருங்க, அதுல கைய வெக்காதீங்க. கீமோ, அதாவது கேன்சர் மருந்து, ஓடறப்ப காச்சல் 100.4 டிகிரி தொட்டுச்சுன்னா விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, ராத்திரி 2 மணின்னாலும் கெளம்பியாகோணும். 108க்கு அடிங்க, அது இலவசந்தான், அது வர்றதுக்கு நேரமாகும்னா கார் பிடிக்கக் கையில காசு இருக்கோணும்.

இடத்துக்கு வர்றேன். மொத சில மாசம் கடுசா இருக்கும், அப்ப ஒறவெல்லாம் ஓடி வரும், காசும் வரும். அதுக்கப்பறம் மெயின்டெனன்ஸ்னு ஒரு கட்டம், தெனம் மெர்காப்டோப்யூரின் மாத்திர, வாரம் ஒருக்கா மெத்தோட்ரெக்சேட்டு, நடுவுல செக்கப்பு, இதுதான் நெம்ப நாளைக்கு ஓடறது. முடி மொளச்சிரும், புள்ள ஓடியாடும், பாக்கற சனமெல்லாம் அதான் நல்லாயிருச்சேங்கும், உதவியும் நின்னு போயிரும். கைக்காசு தீந்தவங்க மாத்திரைய நிறுத்தறது அந்த நேரத்துலதான், திரும்ப நோய் வந்தா மொதல விடக் கஷ்டம். மாமனாருகிட்ட சொல்லுங்க, அந்த 3 சென்ட்டு அன்னைக்கு நமக்கு வேணும்னு.

கேள்வி: காங்கயம் பக்கம் 4 ஏக்கரா மேட்டாங்காடுங்க, அப்பாரு பேர்ல பட்டா. பையனுக்கு 9 வயசு, மூளையில கட்டின்னு ஆபரேஷன் பண்ணியாச்சு, இனி 6 வாரம் ரேடியேஷன் குடுக்கோணுமாம், சென்னைக்குப் போகச் சொல்றாங்க. காப்பீட்டு கார்டுக்குப் போனா காடு இருக்குதே, வருமானம் எச்சா வருதுன்னுட்டாங்க. ரெண்டு எருமைய வித்தாச்சு. ஒருத்தரு டெல்லியில ஆளிருக்குது, பிரதமர் நிதி வாங்கித் தர்றேன், வர்றதுல 100க்கு 10 குடுத்தாப் போதும்ங்கறாரு. (ஒரு விவசாயி, காங்கயம்)

பதில்: அந்த ஆள மொதல்ல விட்டுருங்க அண்ணா. பிரதமர் நிவாரண நிதிக்கு மனுப் போடறதுக்கு ஒரு ரூவா கட்டணம் கெடையாது, நடுவுல ஆளும் தேவையில்ல. 1948 சனவரியில, பிரிவினையில ஊடு வாசல விட்டு வந்த சனத்துக்காக நேரு ஆரம்பிச்ச நிதி அது, இப்ப இருதய ஆபரேஷன், கிட்னி, கேன்சர் மாதிரி பெரிய வைத்தியத்துக்கு ஒரு பகுதி குடுக்கறாங்க. அந்தப் பணம் உங்க கைக்கு வராது, நேரா ஆஸ்பத்திரிக்குப் போகும். அப்பறம் எங்கிருந்துங்க 100க்கு 10 எடுத்துக் குடுக்கறது, உங்க கைக்காசுல இருந்துதான் அவரு வாங்குவாரு.

வேணுங்கறது என்னன்னா, ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்ல இன்ன வைத்தியத்துக்கு இவ்வளவு ஆகும்னு டாக்டர் கையெழுத்துப் போட்ட எஸ்டிமேட்டு ஒரிஜினல், வருமானச் சான்று, விலாசத்துக்கு ரேஷன் கார்டு, போட்டோ. அந்த ஆஸ்பத்திரி அவங்க லிஸ்ட்ல இருக்கோணும், இத ஆஸ்பத்திரியிலயே கேட்டா சொல்லிருவாங்க. எம்.பி. லெட்டர் கட்டாயமில்ல, ஆனா வாங்கி வெச்சா நல்லது, உங்க எம்.பி. ஆபீசுக்கு நேராப் போயி புள்ளையோட டிஸ்சார்ஜ் சம்மரியக் காட்டிக் கேளுங்க, அதுக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கோம். மனுவ ரேடியேஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே போட்டுருங்க, கட்டி முடிச்ச பில்லுக்குன்னு கேட்டா வேலைக்காகாது.

வருமானச் சான்ற அப்படியே விட்டுடாதீங்க. பட்டா அப்பாரு பேர்ல, உங்க ரேஷன் கார்டு தனின்னா, உங்க குடும்பத்துக்கு உண்மையா என்ன வருதுங்கறதுதான் கணக்கு. மேட்டாங்காட்டுல சோளமும் கொள்ளும் போட்டு மழையப் பாத்துட்டு ஒக்காந்திருக்கறவங்களுக்கு என்ன வரும்னு வி.ஏ.ஓ.வுக்கும் ஆர்.ஐ.க்கும் தெரியாததில்ல. பொய் சொல்லச் சொல்லல. நேராப் போயி ஒக்காந்து, எருமையும் போயிருச்சு, பாலும் நின்னு போச்சு, பழைய கணக்க மாத்துங்கன்னு கேளுங்க, ஆகலைன்னா தாசில்தாரப் பாருங்க, திங்கக்கெழம கலெக்டர் மனு நாள்ல போய்க் குடுங்க.

சென்னையில எங்க தங்கறதுங்கறதுதான் உங்களுக்கு அடுத்த வெசனமா இருக்கும், ரேடியேஷன்னா வாரத்துல 5 நாள் போகோணும், ஊருக்கு வந்து வந்து போக முடியாது. செயின்ட் ஜூட்னு ஒரு அமைப்பு, 2006ல மும்பையில ஆரம்பிச்சது, கேன்சர் வைத்தியத்துக்கு வெளியூர்ல இருந்து வர்ற கொழந்தையும் பெத்தவங்களும் காசில்லாமத் தங்கறதுக்குன்னே பல ஊர்ல வீடு கட்டி நடத்தறாங்க, சென்னையிலயும் இருக்குது. நேராப் போனா சேத்துக்க மாட்டாங்க, வைத்தியம் பாக்கற ஆஸ்பத்திரி எழுதிக் குடுக்கோணும். கேன்கிட்ஸ்னு இன்னொண்ணு, நாடு பூரா கொழந்தைங்க கேன்சருக்குன்னே வேல செய்யறவங்க. சென்னையிலயே ரே ஆஃப் லைட்னு ஒரு ஃபவுண்டேஷன், கொழந்தைங்களுக்கு ஆபரேஷன் பண்ற ஒரு டாக்டரம்மா 2002ல ஆரம்பிச்சது, வசதியில்லாத வீட்டுக் கொழந்தைங்க கேன்சர் வைத்தியத்துக்குக் குடுக்கறாங்க. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் மாதிரி மத்திய அரசு அங்கீகாரம் குடுத்த மண்டல மையங்கள்ல சேந்தீங்கன்னா, வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு மத்திய சுகாதார அமைச்சர் பேர்ல ஒரு கேன்சர் நிதியும் இருக்குது. எல்லாத்துக்கும் ஒட்டுக்கா மனுப் போடலாம், ஆனா எங்கெங்க போட்டிருக்கீங்க, எங்க எவ்வளவு வந்துச்சுங்கறத ஒருத்தருக்கொருத்தரு மறைக்காம எழுதிருங்க. மறைச்சது தெரிஞ்சா எல்லாரும் கைய விட்டுருவாங்க.

கேள்வி: பேரனுக்கு வைத்தியத்துக்குன்னு மகன் 10 வட்டிக்கு வாங்கிட்டான். ஆளுக வந்து தறியத் தூக்கிட்டுப் போயிருவோம்னு மெரட்டறாங்க. எங்கிட்ட 3 பவுனு இருக்குது, மருமக வாங்க மாட்டீங்கறா. (ஒரு பாட்டி, சென்னிமலை)

பதில்: ஆத்தா, அந்த 3 பவுன விக்காதீங்க, உங்க ஊர் கூட்டுறவுச் சங்கத்துல வெச்சு நகைக்கடன் வாங்கி அந்த 10 வட்டிய மொதல்ல அடைங்க. மாசம் 100க்கு 10ன்னா 10 மாசத்துல அசலுக்கு அசல் போயிருது, அதுக்கு எந்த டிரஸ்ட்டும் காசு தராது. தமிழ்நாட்டுல கந்துவட்டிக்கு 2003லயே தடைச் சட்டம் போட்டாச்சு, தறியத் தூக்குவோம்னு வந்து நின்னா போலீசுக்கும் கலெக்டருக்கும் எழுதிக் குடுக்கலாம், கோர்ட்டு வளாகத்துல இருக்கற இலவச சட்ட உதவி மையத்துல வக்கீலும் காசில்லாமக் கெடைப்பாரு. மருமககிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, மாமியா குடுக்கறத வாங்கிக்கறது கடனில்ல.

கேள்வி: எங்க தெருவுல ஒரு கொழந்தைக்கு கேன்சர். நாங்க பசங்க 20 பேரு சேந்து கொழந்தை போட்டோவோட வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டு காசு சேக்கலாம்னு இருக்கோம். ஜிபே நம்பர் எங்க செட்டுல ஒருத்தனோடது. வேற ஏதாவது பாக்கோணுமாங்க? (பசங்க, அவிநாசி)

பதில்: தம்பிங்களா, மனசு நெறஞ்சு போச்சு. நாலு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்காமக் கேளுங்க.

போட்டோ போடாதீங்க. மொட்டத் தலையும் மூக்குல ட்யூபுமா அந்தப் புள்ள படுத்திருக்கற போட்டோ ஒருக்கா வெளிய போயிருச்சுன்னா அது யாராலயும் திரும்ப வாங்க முடியாது. நாலஞ்சு வருசம் கழிச்சு நல்லபடியா பள்ளிக்கோடம் போயிட்டிருக்கறப்ப எவனோ ஒருத்தன் அத மறுபடியும் ஃபார்வர்டு பண்ணுவான், கூடப் படிக்கற புள்ளைங்க கையில அது வந்து சேரும். மொகமில்லாம, வயசு, நோயி, ஆஸ்பத்திரி பேரு, எவ்வளவு தேவை, இத மட்டும் அவங்கம்மாகிட்டப் படிச்சுக் காட்டிட்டுப் போடுங்க. உங்க ஊர்க்காரங்களுக்கு உங்க மொகம் தெரியும், அது போதும் நம்பறதுக்கு.

ஜிபே உங்க ஆளோடது வேண்டாம். அவன் எத்தன நல்லவனா இருந்தாலுஞ் சரி. நாளைக்கு எவனாவது ஒரு வார்த்த சொல்லீட்டா அவனுக்கும் கஷ்டம், அந்தக் குடும்பத்துக்கும் தலைகுனிவு. ஆஸ்பத்திரியில அந்தக் கொழந்தை நம்பர்ல நேராக் கட்ட வழியிருக்குதான்னு கேளுங்க, இல்லைன்னா அம்மா பேர்ல இருக்கற பேங்க் கணக்கு. மெசேஜ்ல தேதி போடுங்க, சேந்ததும் வசூல் முடிஞ்சுது, இத்தன வந்துச்சு, யாரும் இனி அனுப்ப வேண்டாம்னு இன்னொரு மெசேஜ் போடுங்க. தேதியில்லாத மெசேஜ் வருசக்கணக்கா சுத்தும், உண்மையா தேவையிருக்கற அடுத்த கொழந்தைக்கு அப்பறம் யாரும் நம்பிக் குடுக்க மாட்டாங்க. ஆன்லைன்ல கிரவுட் ஃபண்டிங்ல போடறதா இருந்தா, வர்றதுல அவங்க எவ்வளவு பிடிச்சுக்குவாங்க, வெளம்பரத்துக்குன்னு தனியா பிடிப்பாங்களான்னு எழுத்துல வாங்கிட்டு அப்பறம் போடுங்க.

மூணாவது, எனக்கு இதுதான் முக்கியம். ஒரே மாசத்துல ஓடி ஓடிச் சேத்துக் குடுத்துட்டு, நோம்பி வந்ததும் மறந்துடறதுதான் வழக்கமா நடக்கறது. நீங்க 20 பேரு இருக்கீங்க, ஆளுக்கு மாசம் 200 போட்டா 4,000 ஆச்சு, ரெண்டரை வருசத்துக்கு 1,20,000. இந்த 4,000 மாசாமாசம் 5ஆம் தேதி வந்துரும்னு தெரிஞ்சா அந்தம்மா அரிசிக்கும் பஸ்ஸுக்கும் யாரு மொகத்தையும் பாக்க வேண்டாம்.

இன்னொண்ணு காசே இல்லாம பண்ணலாம். கீமோ ஓடறப்ப தட்டணு எறங்கிப் போகும், பிளேட்லெட் ஏத்தோணும்பாங்க. எடுத்து வெச்ச பிளேட்லெட் 5 நாளைக்கு மேல தாங்காது, அதனால தேவைப்படறப்ப அப்பப்ப ஆள் வேணும். 18 வயசு தாண்டின பசங்க எல்லாரும் ரத்த குரூப்ப எழுதி ஒரு லிஸ்ட்டு அந்தப் புள்ளையோட அப்பாகிட்டக் குடுங்க, ராத்திரியில கூப்பிட்டா எடுக்கற நம்பரா குடுங்க. கார் வெச்சிருக்கறவன் யாருன்னும் அதுலயே எழுதிருங்க.

கேள்வி: நான் ஜவுளி வியாபாரம். வருசம் 1 லட்சம் கேன்சர் வந்த கொழந்தைகளுக்குன்னு ஒதுக்கலாம்னு இருக்கேன். எந்த டிரஸ்ட்டுக்குக் குடுக்கறது, வரி கழியுமா? கேஷாக் குடுக்கலாமா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: நல்ல எண்ணமுங்க. வரி சமாச்சாரத்த மொதல்ல முடிச்சர்றேன். நன்கொடைக்கு வரிக்கழிவு தர்ற 80ஜி பதிவு இருக்கற டிரஸ்ட்டுன்னா சாதாரணமா குடுத்ததுல பாதிக்குக் கழிவு உண்டு, அதுவும் பழைய வரி முறையில இருந்தாத்தான். 2,000க்கு மேல கேஷாக் குடுத்தா கழிவு கெடையாது, செக்கோ பேங்க் டிரான்ஸ்ஃபரோதான். டிரஸ்ட்டுல 10பிஇங்கற நன்கொடைச் சர்டிஃபிகேட்டக் கேட்டு வாங்கிக்கோங்க. ஒரு குடும்பத்துக்கு நேராக் குடுக்கறதுக்குக் கழிவு கெடையாது. அதுக்காக நேராக் குடுக்கறத நிறுத்திராதீங்க.

எந்த டிரஸ்ட்டுன்னு பேரச் சொல்றத விட எப்படிப் பாக்கறதுன்னு சொல்றேன். ஆடிட் ரிப்போர்ட்டக் காட்டச் சொல்லுங்க. மருந்துக்கு மட்டும் குடுக்கறீங்களா, பஸ் காசு, வீட்டு வாடகை, ரேஷன் குடுக்கறீங்களான்னு கேளுங்க. வைத்தியத்த விட்டுட்டுப் போன குடும்பத்துக்குப் போன் பண்ணித் திரும்பக் கூப்பிட ஆள் வெச்சிருக்கீங்களான்னு கேளுங்க. இந்தக் கடைசிக் கேள்விக்கு டக்குனு பதில் சொல்றவங்கதான் உள்ள எறங்கி வேல செய்யறவங்க. கோயமுத்தூர் ஜி.ஹெச்.லயோ ஈரோட்டுல கேன்சர் பாக்கற ஆஸ்பத்திரியிலயோ சோஷியல் ஒர்க்கர ஒருக்கா நேர்ல பாத்தீங்கன்னா, காப்பீட்டுல வராத எந்தச் செலவுல சனம் மாட்டுதுன்னு அவங்களே சொல்லுவாங்க, அந்த எடத்துல உங்க காசு போய் நிக்கட்டும்.

அன்னதானம் போடற எண்ணமிருந்தா, கல்யாணத்துல மிஞ்சினதக் கொண்டு போயி கொழந்தைங்க வார்டுல குடுத்துடாதீங்க. எதிர்ப்புச் சக்தி கொறஞ்ச புள்ளைங்க அவங்க, அப்ப சமைச்சு சூடா இருக்கறதத்தான் திங்கோணும். பக்கத்துல ஒரு சின்ன சமையல் ரூமுக்கு வாடகையும் கேஸும் குடுத்தா அம்மாக்களே புள்ளைக்கு வேணுங்கறதச் செஞ்சுக்குவாங்க.

மேடை போட்டு, பெரிய அட்டையில செக்கு மாதிரி எழுதி, கொழந்தையப் பக்கத்துல நிறுத்திப் போட்டோ எடுக்கற வேல மட்டும் தயவுசெஞ்சு வேண்டாங்க. அந்தம்மா கும்பிட்டுட்டு நிக்கறதப் பாக்கவே எனக்கு ஆகறதில்ல.

நீங்க குடுக்கற 1 லட்சம் சின்னதுன்னு நெனைக்காதீங்க. இன்னைக்கு நம்ம சனம் ரயிலேறிப் போற அடையாறு ஆஸ்பத்திரி 1954ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில 12 படுக்கையோட ஆரம்பிச்சது, பொதுசனம் குடுத்த காசுலதான் வளந்துது. டாக்டர் சாந்தாம்மா 2021ல காலமாகற வரைக்கும் அந்த வளாகத்துலயே இருந்து அதப் பாத்துக்கிட்டாங்க.

கேள்வி: நான் +2 படிக்கறேன். தம்பிக்கு கேன்சர்னு அம்மாவும் அப்பாவும் கோயமுத்தூர்லயே இருக்காங்க, நான் அம்மாயி ஊட்டுல இருக்கேன். காலேஜ் போகாம பல்லடத்துல மில்லுக்கு வேலைக்குப் போனா மாசம் காசு அனுப்பலாம்ல? யாருகிட்டயும் சொல்லல. (ஒரு பொண்ணு, கோபி)

பதில்: கண்ணு, போகாத. நீ யாருகிட்டயும் சொல்லாம எங்களுக்கு எழுதினயே, அது நல்லதாப் போச்சு.

6வதுல இருந்து அரசுப் பள்ளிக்கோடத்துலயோ தமிழ் மீடியம் அரசு உதவி பெறும் பள்ளிக்கோடத்துலயோ படிச்ச பொண்ணுகளுக்குக் காலேஜ் சேந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூவா, படிப்பு முடியற வரைக்கும் உன் பேங்க் கணக்குலயே வரும். உங்கம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை மாசம் 1,000 வருதான்னு கேளு, ஆஸ்பத்திரியிலயே கெடந்ததுல மனுப் போட விட்டுப் போயிருக்கலாம். உங்க ஸ்கூல்ல எச்.எம். கிட்டப் போயி நடந்தத அப்படியே சொல்லு, தம்பி ஆஸ்பத்திரி சோஷியல் ஒர்க்கர்கிட்ட இந்த வீட்டுல படிக்கற அக்கா ஒருத்தி இருக்கான்னு அம்மாவ விட்டுச் சொல்லச் சொல்லு. கூடப் பொறந்தவங்க ஃபீஸுக்கும் குடுக்கற டிரஸ்ட்டு இருக்குது, ஆனா நீ ஒருத்தி இருக்கறது அவங்களுக்குத் தெரிஞ்சாத்தான குடுப்பாங்க. பெத்தவங்களுக்கும் ஒண்ணு சொல்லோணும். சீக்கான புள்ளையப் பாக்கறப்ப நல்லா இருக்கற புள்ள தானா வளந்துக்கும்னு விட்டுடறோம். வாரத்துல ஒரு நாள் அப்பா ஒருத்தராவது கோபிக்கு வந்து இந்தப் பொண்ணோட ஒக்காந்து ஒரு வேள சாப்பிடுங்க. அந்தப் பஸ் காசும் வைத்தியச் செலவுதான்.

கேள்வி: எம் பையன் போன மாசம் போயிட்டான். ஊர்ல சேத்துக் குடுத்த காசுல 38,000 மிச்சமிருக்குது. அத நாங்க வெச்சிருக்கறது பாவமா? நங்கையா வேற, ஊர்ல கேக்கறாங்கன்னு சொல்றாங்க. கடன் இன்னும் இருக்குது. (ஒரு அம்மா, பவானி)

பதில்: பாவமில்லீங்க அம்மா. அந்தக் காசு உங்க பையனுக்காக வந்துது, அவன் வைத்தியத்துக்கு வாங்குன கடனும் அவனுக்காக வாங்குனதுதான். அதுல அடைக்கறது முழுக்க நியாயம். காசு சேத்த ரெண்டு பேரக் கூப்பிட்டு, இத்தன மிச்சமிருக்குது, வைத்தியக் கடனுக்குக் கட்டறோம்னு வீட்டுக்காரர விட்டு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க, நீங்க சொல்ல வேண்டாம். ஊர்ல கேக்கறாங்கன்னு நங்கையா சொன்னா அந்த ரெண்டு பேரக் காட்டிவிடுங்க. இன்னொரு கொழந்தைக்குக் குடுத்துருங்கன்னு யாராவது இப்பவே நெருக்கினா, ஆகட்டும் பாக்கலாம்னு சொல்லிட்டு விட்டுருங்க, அதெல்லாம் உங்க மனசுக்குத் தோணறப்ப, தோணுனா மட்டும். தறிக்கோ வேலைக்கோ எப்பப் போகலாம்னும் யாரும் உங்களுக்கு நாள் குறிக்கக் கூடாது.

குடுத்த ஊர்க்காரங்க யாராவது இதப் படிச்சா, அவங்க வீட்டு வாசல்ல நின்னு கணக்குக் கேக்காதீங்க.

கேள்வி: ஈரோட்டுல இருந்து காட்பாடிக்கு மாசம் ஒருக்கா பொண்ணக் கூட்டீட்டு வேலூர் போறோம். ரயில்ல சலுகை இருக்குதாமே? (ஒரு அப்பா, ஈரோடு)

பதில்: இருக்குதுங்க. கேன்சர் வைத்தியத்துக்கோ செக்கப்புக்கோ போறவங்களுக்கு ஸ்லீப்பர்லயும் மூணடுக்கு ஏ.சி.லயும் டிக்கெட் இலவசம், கூடப் போற ஒருத்தருக்கு 100க்கு 75 கொறைப்பாங்க. ரயில்வே ஃபாரம் ஒண்ணு இருக்குது, அதுல வைத்தியம் பாக்கற ஆஸ்பத்திரியில கையெழுத்தும் சீலும் வாங்கிட்டு ஸ்டேஷன் ரிசர்வேஷன் கவுண்டர்ல எடுக்கோணும். அடுத்த செக்கப் தேதி குடுத்ததுமே அங்கயே ஃபாரத்துல கையெழுத்து வாங்கிட்டு வந்துட்டீங்கன்னா, ஈரோடு வந்ததும் போறதுக்கும் வர்றதுக்கும் சேத்தே போட்டுரலாம். ஒரிஜினலும் ரெண்டு ஜெராக்ஸும் கையிலயே வெச்சுக்கோங்க, டி.டி.இ. கேப்பாரு.